நர்ஸ் வேலையும் இடுப்பு வலியும்

வார்டில் வேலை பார்க்கும் நர்ஸா நீங்கள்? டியூட்டி முடியும் நேரத்தில் இடுப்போ கழுத்தோ தோளோ வலிக்கிறதா? உடம்பில் தெம்பில்லை என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் வேலை நடக்கும் விதம்தான் காரணம். அதில் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

கனமாக எதையும் தூக்காத நாளிலும் ஏன் வலிக்கிறது?

குனிவதே ஒரு சுமைதான். இடுப்புக்கு மேலுள்ள உடம்பு, மொத்த எடையில் ஏறத்தாழ பாதி. ஊசி போட, டிரிப் ஏற்ற, கட்டு மாற்றக் குனியும்போது அதை முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டி ஏந்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால், முதுகெலும்பு வட்டுக்கு (எலும்புகளுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதி) இன்னும் அழுத்தம்.

கட்டில் தாழ்வாக இருந்தால் என்ன செய்வது?

உயரத்தை மாற்ற முடிந்தால் உங்கள் இடுப்பளவுக்கு ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். மாற்ற முடியாத கட்டில் என்றால், ரத்தம் எடுக்கவும் கட்டு மாற்றவும் ஸ்டூலில் உட்காருங்கள். எட்டிக் குனியாமல், வேலை இருக்கும் பக்கத்துக்கே போய் நில்லுங்கள்.

நோயாளியை முறைப்படி தூக்கினால் ஆபத்தில்லையா?

முறை மட்டும் காப்பாற்றாது. நோயாளியைக் கையால் தூக்கும்போது சுமை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் பரிந்துரைத்தார். 60 கிலோ உள்ளவரின் ஒரு காலே ஏறத்தாழ 10 கிலோ! ஆகவே தூக்காதீர்கள், நகர்த்துங்கள். டிரா ஷீட்டை (நோயாளிக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி) இருபுறமும் இருவர் பிடித்து, ஒரே நேரத்தில் இழுங்கள். வழுக்கும் விரிப்பு இருந்தால் இன்னும் எளிது. தானே அசைய முடிகிற நோயாளியை, காலை ஊன்றி உந்தச் சொல்லுங்கள். உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல.

இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டால்?

வலி இல்லாதவருக்கு வலி வராமல் பெல்ட் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெல்ட் இருக்கிற தைரியத்தில் அதிக எடையைத் தூக்கிவிடாதீர்கள்.

நைட் டியூட்டியில் ஏன் அதிகம் வலிக்கிறது?

தூக்கம் குறைந்தால் தசைகள் முழுதாகத் தேறுவதில்லை. வலியும் கூடுதலாகத் தெரியும். விடியற்காலையில் உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும். தள்ளிவைக்கக்கூடிய கனமான வேலைகளை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். கேஸ் ஷீட் எழுதும்போதாவது உட்காருங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சாதாரண வலிக்குப் படுத்தே கிடக்க வேண்டாம். மெல்ல நடமாடுவதே நல்லது. வலி வாரக்கணக்கில் நீடித்தால் காட்டுங்கள். கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.