பாலையும் எண்ணெயையும் பிடித்து வைப்பது எது?

ஒரு பொருள் எந்தச் சூட்டில் உருகும், எப்போது கொதிக்கும், எதில் கரையும் என்பவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கின்றன என்பதுதான். மூலக்கூறுக்குள் அணுக்களைச் சேர்த்து வைத்திருப்பது வேதிப்பிணைப்பு. மூலக்கூறுகளுக்கு இடையிலான பற்று, அதாவது மூலக்கூறிடை விசை, வேறு. தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து போவதில்லை; முழு மூலக்கூறுகளே ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஆவியாகின்றன. இந்த இழுவிசையைக் கணக்கில் சேர்க்காமல் வாயுக்களின் நடத்தையை விளக்க முடியாது என்று 1873இல் எடுத்துக்காட்டியவர் டச்சு அறிவியலாளர் வான் டெர் வால்ஸ்.

எந்த விசை என்று தேடுவதற்கு முன்பு, அந்தப் பொருளில் தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று மைன்ஸ் ஏரி இருக்கும் பள்ளம் ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கம். அங்கே மண்ணை அலசி எடுத்த தாது வெள்ளீய டை ஆக்சைடு. ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடின் வாய்பாடும் அப்படியே, ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன். ஆனால் தாது உருக 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். உறைந்த கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78 டிகிரியிலேயே நேராக ஆவியாகிவிடும். தாதுவில் மூலக்கூறு என்று தனியாக எதுவும் இல்லை. படிகம் முழுவதும் பிணைப்புகளாலான ஒரே வலை. உருக்கிப் பிரித்த வெள்ளீயத்திலும் இல்லை. அதை உலோகப் பிணைப்பு தாங்குகிறது. இரண்டிலும் மூலக்கூறிடை விசை என்ற பேச்சுக்கே இடமில்லை. வாய்பாட்டை மட்டும் பார்த்து விசையைச் சொல்ல முனைபவர் இங்கேயே வழுக்கி விழுவார்.

மூலக்கூறுகள் உண்டு என்று உறுதியானால், எல்லாவற்றிலும் இருப்பது லண்டன் விசை. எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைவதால், மின்சுமை கணநேரம் ஒரு பக்கம் சாய்கிறது. அது அண்டை மூலக்கூற்றிலும் எதிர்ச்சாய்வைத் தூண்டி இழுக்கிறது. குவாண்டம் கோட்பாட்டின்படி இதை 1930இல் விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன். மூலக்கூற்றின் ஒரு முனை நிரந்தரமாகவே நேர்மின் சாய்வும் மறுமுனை எதிர்மின் சாய்வும் கொண்டிருந்தால் இருமுனை விசையும் சேரும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின் ஆகிய மூன்றில் ஒன்றோடு ஹைட்ரஜன் நேரடியாகப் பிணைந்திருந்தால் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் வழி உண்டு.

எடையில் ஏறக்குறைய சமமான நான்கு பொருள்களை அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சமையல் வாயுவில் இருக்கும் புரோப்பேனின் மூலக்கூறு எடை 44; மற்ற மூன்றுக்கும் 46. லண்டன் விசையை மட்டுமே நம்பியிருக்கும் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிறது. இருமுனை கொண்ட டைமெத்தில் ஈதர் மைனஸ் 25. ஹைட்ரஜன் பிணைப்புள்ள எத்தனால் 78. ரப்பர் தோட்டங்களில் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் 101. ஈதரிலும் எத்தனாலிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஈதரில் ஹைட்ரஜன் எல்லாம் கார்பனில் ஒட்டியிருக்கிறது; எத்தனாலில் ஒன்று மட்டும் ஆக்சிஜனில். இடையில் நூறு டிகிரிக்கு மேல் வேறுபாடு! ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வாய்பாட்டில் கண்ணில் பட்டாலே ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதிவிடும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. ஈதர் அதற்கு நல்ல மருந்து.

இதை வைத்து லண்டன் விசை எப்போதும் நோஞ்சான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாடநூல்கள் அப்படியொரு எண்ணத்தை ஊட்டிவிடுகின்றன. ஹைட்ரஜன் குளோரைடின் இருமுனை ஹைட்ரஜன் அயோடைடினுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் குளோரைடு மைனஸ் 85 டிகிரியில் கொதித்துவிடுகிறது, அயோடைடு மைனஸ் 35 வரை தாங்குகிறது. அயோடினின் பெரிய எலக்ட்ரான் மேகம் எளிதில் சாய்ந்து கொடுப்பதால் லண்டன் விசையே அங்கே முந்துகிறது. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக இதன் கை ஓங்கும்.

வெள்ளீயத்துக்கு அப்பால் மலாயாவுக்குச் சோறு போட்ட ரப்பரும் செம்பனையும் இந்த விசையின் ஆட்சிக்கு உட்பட்டவையே. செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக், 39 விழுக்காடு ஒலீயிக். பால்மிட்டிக் 63 டிகிரியில் உருகும். இரண்டு கார்பன் கூடுதலாக வைத்திருந்தும் ஒலீயிக் 13 டிகிரியிலேயே உருகிவிடும். காரணம் வடிவம். பால்மிட்டிக்கின் சங்கிலி நேரானது. அடுக்கி வைத்த விறகுபோல் நெருங்கிப் படுக்கும். ஒலீயிக்கின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைத்துவிடுகிறது. நெருக்கம் குறைய, இழுப்பும் குறைகிறது. சுத்திகரிப்பு ஆலைகள் எண்ணெயை மெல்லக் குளிர வைத்து, முதலில் உறையும் ஸ்டியரினை வடிகட்டி, தெளிந்த ஓலீனைப் புட்டிகளில் அடைப்பது இதைக் கொண்டுதான். அந்தப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் கலங்கி வெண்மையாகும். வெளியே எடுத்து வைத்தால் மறுபடி தெளியும். கெட்டுப்போனதன் அடையாளமல்ல அது.

ரப்பர் பாலில் கதை சற்றுச் சிக்கலானது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் பாலில் ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. புரதமும் கொழுப்பும் போர்த்திய அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை. அதனால் ஒன்றையொன்று தள்ளி, ஒட்டாமல் நிற்கின்றன. பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா இந்நிலையைக் காக்கிறது. ஃபார்மிக் அமிலம் சுமையைத் தணிக்கிறது. தள்ளுவிசை தளர்ந்ததும் துகள்கள் நெருங்க, லண்டன் விசை பிடித்துக்கொள்ள, பால் உறைந்து கட்டியாகிறது.

ரப்பர், ஐசோப்ரீன் அலகுகள் கோத்த வளைந்த சங்கிலி. அதே அலகுகளை நேராகக் கோத்த பொருளும் மலாயாக் காடுகளில் விளைந்தது: கட்டாபெர்ச்சா. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்குவதால் அது சாதாரண வெப்பத்தில் கட்டை போல் கெட்டி. வெந்நீரில் போட்டால் இளகும். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையானது அதுவே.

இவ்விசைகளைக் கண்டறிய ஒரு கண்ணாடிக் குவளைப் பெட்ரோலும் உதவும். அதில் போட்ட பச்சை ரப்பர் ஊதி, மெல்ல மெல்லப் பெரும்பகுதி கரைந்து பசையாகும். பெட்ரோலிலும் ரப்பரிலும் லண்டன் விசையே என்பதால் ஒன்றுக்குள் ஒன்று புகத் தடையில்லை. தண்ணீர் மூலக்கூறுகளோ தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருப்பதால் ரப்பருக்கு இடம் தருவதில்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை அதே பெட்ரோலில் போட்டால் ஊதுகிறது, கரைவதில்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய அந்த ரப்பரில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தகப் பாலங்கள் விழுந்திருக்கின்றன. அவை உண்மையான வேதிப்பிணைப்புகள். பெட்ரோலால் அவற்றை அவிழ்க்க முடியாது.