மீன் தொட்டியில் அமிலமும் காரமும்

மீன் தொட்டித் தண்ணீரின் அமிலத்தன்மை பிஎச் என்ற அளவால் குறிக்கப்படுகிறது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909இல் வகுத்த அளவு இது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் உண்டு. எனவே 8இல் இருக்கும் தண்ணீரை ஒரே நாளில் 7க்கு இறக்குவது மீனுக்குப் பெரிய அதிர்ச்சி.

ரியோ நீக்ரோ ஆற்றின் கார்டினல் டெட்ரா நல்ல அமில நீரில் வாழ்வது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்களுக்கு 9ஐ ஒட்டிய கார நீர். கப்பி, மோலி வகைகளுக்குச் சற்றுக் காரமான கடின நீர் ஒத்துவரும். ஆனால் கொளத்தூர் போன்ற சந்தைகளில் விற்கும் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. 6.5 முதல் 8 வரை எந்த அளவாக இருந்தாலும், அது நிலையாக இருந்தால் அவற்றில் பல பழகிக்கொள்ளும். எண் ஏறி இறங்குவதுதான் அவற்றைப் படுத்துகிறது.

எண்ணை நிலையாக வைத்திருப்பது தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட். இதன் அளவே கார்பனேட் கடினத்தன்மை. தொட்டியில் அமிலம் சேரச் சேர இது அதை உறிஞ்சிக்கொள்ளும். தீர்ந்துபோனால் பிஎச் சட்டென்று சரியும். போர்வெல் தண்ணீரில் இது பெரும்பாலும் தாராளமாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் ஏறக்குறைய இருக்காது. ‘சுத்தமான தண்ணீர்’ என்று அதை மட்டுமே ஊற்றும் தொட்டிகள் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை ஃபில்டரில் வளரும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த வேலையே அமிலத்தை உண்டாக்கி, பைகார்பனேட்டைத் தின்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் 6க்குக் கீழே போய்விடலாம். அப்போது பாக்டீரியாவும் மந்தமாகி, அம்மோனியா தேங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாகவே இருப்பதால் மீனுக்கு அதிகக் கெடுதல் இல்லை. தொட்டி நன்றாக இருப்பது போலவே தோன்றும். வீட்டுக்காரர் ஒருநாள் மனம்வந்து பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறார். பிஎச் ஏறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நச்சு அம்மோனியா, 8இல் ஐந்து பங்கைத் தாண்டும். மறுநாள் மீன்கள் மிதக்கின்றன. பழி புதுத் தண்ணீர் மேல் விழுகிறது. வாரம் கால் பங்கு மாற்றிவந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஏற்கெனவே கெட்ட தொட்டியில் நாளுக்குக் கொஞ்சமாக மாற்றுவதே வழி.

பிஎச் தாழ்ந்த தொட்டியில் கிளிஞ்சலோ பவளத் துண்டுகளோ ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால் மெல்லக் கரைந்து ஏற்றும். சமையல் சோடாவின் வேகம் வேறு: 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டாலே கார்பனேட் கடினத்தன்மை 3, 4 டிகிரி ஏறிவிடும். அதைப் பல நாளாகப் பிரித்துப் போட வேண்டும். இறக்குவதற்கு நாட்டு வாதுமைச் சருகு, ஊறவைத்த மரக்கட்டை உதவும். கடின நீரில் இவை தண்ணீரைத் தேநீர் நிறமாக்குவதோடு நின்றுவிடும். அங்கே மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கலப்பதே பலன் தரும். கடையில் கிடைக்கும் அமிலக் கரைசலை ஊற்றினால் எண் இறங்கி, பைகார்பனேட் மிச்சமிருக்கும்வரை மறுபடி ஏறும். இறக்கியும் ஏறிக்கொண்டே இருந்தால் அலங்காரக் கல்லைச் சந்தேகிக்கலாம். அதன் மேல் வினிகர் விட்டால் நுரைக்கும் கல் சுண்ணாம்புக்கல்.

சோதனையிலும் கவனம் வேண்டும். மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் வழக்கமான சொட்டு மருந்து 7.6 வரைதான் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் அதே நீலம். போர்வெல் தண்ணீரைப் பிடித்தவுடன் சோதித்தால் கரைந்திருக்கும் கரியமில வாயுவால் அளவு குறைத்துக் காட்டும். ஒருநாள் வாளியில் வைத்த பிறகே உண்மை அளவு தெரியும். செடி வளர்க்கும் தொட்டியில் இரவெல்லாம் சேரும் அதே வாயுவால் விடியற்காலையில் பிஎச் தாழ்ந்தும், செடிகள் அதை உறிஞ்சியபின் மாலையில் உயர்ந்தும் இருக்கும். ஒருநாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் சோதித்து ஒப்பிட்டால் இல்லாத கோளாறு இருப்பதாகத் தோன்றும்.