உடல் நிறையும் மனத் தடைகளும்

"அப்பாவுக்கும் சலரோகம், அம்மாவுக்கும் சலரோகம். எனக்கும் வரத்தானே போகுது, டொக்டர்?" நிறையைக் குறைக்கும்படி சொல்லும்போது எம்மவரிடம் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. தெற்காசியரான எமக்குக் குறைந்த நிறையிலேயே சலரோகம் வருவதும் உண்மை. ஆனால் அது தலைவிதி அல்ல. சலரோகம் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002இல் வெளியானது. உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் விரைவாக நடப்பது போன்ற பயிற்சி செய்வது, இவையே இலக்குகள். இவர்களிடையே சலரோகம் வருவது 58 வீதத்தால் குறைந்தது. ஆபத்தைக் கூட்டும் மரபணு உடையவர்களும் இதனால் பயன்பெற்றார்கள் என்பது 2006இல் தெரியவந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோ அளவுதான்.

"பார்ட்டியில சாப்பிட்டாச்சு, இனி எல்லாம் போச்சு" என்பது இரண்டாவது தடை. கூடிப்போனது ஒரு வேளைச் சாப்பாடுதான். அடுத்த வேளை வழமைக்குத் திரும்பலாம்.

மூன்றாவது, மிஞ்சிய சோற்றை எறிய மனம் வராமை. இடப்பெயர்வில் பசியை அறிந்த எமக்கு இது இயல்பே. எறிய வேண்டாம். கோப்பையில் போடும்போதே ஓர் அகப்பை குறைப்போம். மிச்சத்தை நாளைக்கு வைப்போம்.

சலரோகத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் தமது வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்றால் நாளொன்றுக்கு 22 நிமிடம். இன்று இரவுச் சாப்பாட்டின் பின் குடும்பமாக நடக்கத் தொடங்குவோம்.