கோபேயில் பில் ஏன் எகிறுகிறது?

ஜப்பானின் துறைமுக நகரமான கோபேயில், சன்னோமியா ரயில் நிலையத்துக்கு வடக்கே இக்குதா என்ற பழைய ஷின்டோ கோயில் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்துத் தெரு ஹிகாஷிமோன். பொழுது சாய்ந்ததும் அந்தப் பகுதி முழுக்க மதுக்கடை விளக்குகள் எரியத் தொடங்கும். லேமினேட் செய்த அட்டையோடு இளைஞர்கள் வழிமறித்து, சிரித்த முகத்துடன் பேச்சுக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், ஆளுக்கு 3,000 யென் என்கிற மாதிரி ஏதாவது அட்டையில் எழுதியிருக்கும்.

எழுதியிருப்பது பொய்யில்லை. எழுதாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே போய் உட்கார்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒரு பதார்த்தம் வரும். அது 'ஓதோஷி'; தலைக்கு 500 யென். வெள்ளி, சனி என்றால் வார இறுதிக் கட்டணம் இன்னொரு 500. ஆளுக்குக் குறைந்தது இரண்டு பதார்த்தமாவது வாங்க வேண்டும் என்பது மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்று 700 யென் என்றால் நான்குக்கு 2,800. இதற்கெல்லாம் மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம். 6,000 யென் என்று நினைத்துப் போனவர்கள் 11,880 யென் கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள்.

இதில் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஓதோஷி ஜப்பான் முழுவதும் உள்ள வழக்கம். இசகாயா எனப்படும் மதுவும் உணவும் தரும் கடைகளில் நல்லவற்றிலும் 300 முதல் 500 யென் வரை வாங்குவார்கள். இருக்கைக்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்ளலாம். மீன், இறைச்சி சாப்பிடாதவர்கள் உட்காரும் முன்பே வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். சில கடைகள் ஒப்புக்கொள்ளும். பெரிய ஹோட்டல்களில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் இருக்கும். அதற்குப் பதிலாக, டிப்ஸ் என்ற பேச்சே அந்த நாட்டில் கிடையாது. மேஜையில் சில்லறையை விட்டுவிட்டுக் கிளம்பினால் பணியாளர் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்.

வரியும் குழப்பும். 2019 அக்டோபர் முதல் நுகர்வு வரி பத்து சதவீதம்; உணவை வாங்கிக்கொண்டு போனால் எட்டு, கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து. வரி சேர்ந்த விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் பல கடைகளில் வரி இல்லாத விலையைப் பெரிதாகவும் வரி சேர்ந்த விலையைப் பக்கத்தில் சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். கொடுக்க வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான். மருந்துக் கடையில் 1,000 என்று பார்த்த அழகுசாதனப் பொருளுக்கு 1,100 கேட்டால் சண்டை போடத் தேவையில்லை.

சண்டைக்கு உரிய இடம் வேறு. 'பொத்தாகுரி' என்று ஜப்பானியர்களே பழிக்கும் பகற்கொள்ளை அது. தெருவில் சொன்ன தொகைக்கும் கடைசியில் நீட்டும் பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது. லட்சக்கணக்கான யென்கூடக் கேட்பார்கள். தர மறுத்தால் மிரட்டல். இதைக் கட்டுப்படுத்தத் தனி விதி கொண்டுவந்த முதல் மாகாணம் டோக்கியோ, ஆண்டு 2000. அங்குள்ள ரொப்பொங்கி, கபுகிச்சோ பகுதிகளில் மதுவில் மயக்க மருந்து கலந்து கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள் என்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அண்மைக்காலத்தில் ஆள் பிடிக்கும் வேலை செல்போனுக்கு மாறியிருக்கிறது. டேட்டிங் செயலியில் அறிமுகமாகும் பெண், தனக்குத் தெரிந்த கடை என்று ஒரு பாருக்கு அழைத்துப் போவாள். கோபேயின் இரவுத் தெருக்கள் அவ்வளவு பெரியவை இல்லை. ஆனால் தந்திரம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

தற்காப்பு ஒன்றுதான்: தெருவில் கூப்பிடும் ஆளோடு போகவே கூடாது. மதுக்கூடத்துக்கு வழிமறித்து ஆள் சேர்ப்பதே ஜப்பானியச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்து வாடிக்கையாளர் பிடிக்கும் கடை பில்லில் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது அப்பாவித்தனம். தெரியாமல் மாட்டிக்கொண்டால் கடன் அட்டையைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. பில்லில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். 'கோபான்' என்ற சிறிய காவல் சாவடி பெரும்பாலும் ரயில் நிலையங்களை ஒட்டியே இருக்கும். பில் தகராறு சிவில் விவகாரம் என்று போலீஸ் ஒதுங்கப் பார்க்கலாம். ஆனால் மிரட்டினாலோ வெளியே விடாமல் தடுத்தாலோ அது குற்ற வழக்கு. அவசர எண் 110.

கோபே என்றாலே உலகத்துக்கு நினைவு வருவது மாட்டிறைச்சி. பயணிகளின் பணம் அதிகம் போவதும் அதில்தான். இங்கே ஏமாறுவது பெரும்பாலும் பெயரில். கோபே மாட்டிறைச்சி என்று சொல்ல, ஹியோகோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த தஜிமா இன மாடாக இருக்க வேண்டும். இறைச்சியில் கொழுப்பு இழையோடும் அளவைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். குறைந்தது ஆறாவது படி தேற வேண்டும். தேறியதன் மேல் நொஜிகிகு என்ற காட்டுச் சாமந்திப்பூ முத்திரை விழும். இதையெல்லாம் கவனிக்கும் சங்கம் 1983இல் தொடங்கியது.

இனி மெனுவுக்கு வரலாம். ஒரே பக்கத்தில் மூன்று விலையில் ஸ்டேக் இருக்கும். மலிவானதன் பக்கத்தில் 'கொகுசான்' என்று இருந்தால் ஜப்பானில் வளர்ந்த மாடு என்று மட்டும் அர்த்தம். கறவை இனமான ஹோல்ஸ்டீனாகவும் இருக்கலாம். நடுவில் இருப்பது 'வாக்யு'; நான்கு உள்நாட்டு இனங்களில் ஒன்று, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம். மூன்றாவதுதான் கோபே. கடைப் பலகையில் கோபே என்ற பெயர் பளிச்சென்று இருக்கும். தட்டில் விழுவது நடுவிலுள்ள வாக்யுவாக இருக்கலாம். 'ஏ5' என்று போட்டிருப்பதும் தரத்தைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது.

சரிபார்ப்பது எளிது. ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. பைத்தியமாட்டு நோய் அங்கே 2001இல் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து வந்த சட்டத்தின் விளைவு அது. நம்பகமான ஸ்டேக் கடைகளில் அந்த எண்ணைச் சுவரிலோ அட்டையிலோ எழுதி வைத்திருப்பார்கள். அரசின் தரவுத்தளத்தில் எண்ணைத் தட்டினால் மாடு பிறந்த தேதி, இனம், தாய் மாட்டின் எண், வளர்ந்த மாகாணம் எல்லாம் திரையில் வரும். சங்கத்தில் உறுப்பினரான உணவகங்களில் வெண்கல மாட்டுச் சிலை ஒன்றும் வைத்திருப்பார்கள். எண்ணைக் கேட்டதும் கடைக்காரர் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இவ்வளவு சந்தேகம் தேவையா என்றால், தேவைதான். அசல் கோபே மாட்டிறைச்சி ஏற்றுமதியாகத் தொடங்கியதே 2012இல். அதற்கு முன்பே அமெரிக்க உணவகங்கள் பல ஆண்டுகளாகக் 'கோபே பர்கர்' விற்றுக்கொண்டிருந்தன. ஜப்பானுக்குள்ளும் கறை உண்டு. 2013 அக்டோபரில் ஹான்க்யு ஹான்ஷின் ஹோட்டல்ஸ் நிறுவனம், தன் உணவகங்களில் மெனுவில் ஒன்றும் தட்டில் வேறொன்றுமாகப் பரிமாறியதை ஒப்புக்கொண்டது. உயர்ந்த ஷிபா இறால் என்ற பெயரில் போனது வனாமி. தமிழகக் கடலோரப் பண்ணைகளில் வளர்க்கிறார்களே, அதே இறால். நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். அடுத்தடுத்துப் பல ஹோட்டல்கள் தங்கள் தவறை ஒப்புக்கொள்ள, தவறான விவரம் தரும் கடைகளுக்கு அபராதத் தொகை விதிக்க 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

மாட்டிறைச்சி தொடாதவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கோபேயின் கித்தானோ மேட்டில் இந்திய வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. 1985இல் கட்டிய சமணக் கோயில்கூட உண்டு. சைவச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போகலாம். ஆனால் அங்குள்ள பழைய வெளிநாட்டவர் மாளிகைகளில் வீட்டுக்கு வீடு தனிச் சீட்டு. கூட்டுச்சீட்டு வாங்கும் முன் எத்தனை வீடு பார்க்க நேரம் இருக்கிறது என்று யோசிப்பது நல்லது.

டாக்சியில் மோசடி அபூர்வம். மீட்டர் ஓடும், ரசீது வரும், பின்கதவு தானாகத் திறக்கும். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை இருபது சதவீதம் கூடுதல். அது முறையான கட்டணம். உரிமம் பெற்ற வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட். வெள்ளை பிளேட் போட்ட காரில் யாராவது கூப்பிட்டால் ஏறக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீடும் சிக்கலாகும்.

கடன் அட்டை இயந்திரம் சில கடைகளில் ரூபாயிலா யென்னிலா என்று கேட்கும். யென்னைத்தான் தொட வேண்டும். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பணம் பறிக்கும் தளங்களும் உண்டு. குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் பதிவு செய்யும் 'விசிட் ஜப்பான் வெப்' அரசுத் தளம் முழுக்க இலவசம்; அதற்குக் கட்டணம் கேட்கும் தளத்தை மூடிவிடலாம். தெருவில் தங்க நிற அட்டையைக் கையில் திணித்து நன்கொடை கேட்கும் காவி உடைக்காரரும் துறவி இல்லை. ஜப்பானில் உண்மையான பௌத்தத் துறவி ஓடு ஏந்தி ஓரிடத்தில் நின்று மந்திரம் சொல்வார். யார் பின்னாலும் போக மாட்டார்.

வெளியூர்க்காரருக்குக் கூடுதல் விலை என்றாலே கோபம் வருகிறது. ஆனால் அது எப்போதும் ஏமாற்று இல்லை. கோபேயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹிமேஜி கோட்டையில் 2026 மார்ச் முதல் பெரியவர்களுக்கு 2,500 யென். ஹிமேஜி நகரவாசிகளுக்கு மட்டும் 1,000. அந்த 2,500ஐ டோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியரும் கொடுக்கிறார். பாஸ்போர்ட்டின் நிறம் அங்கே கணக்கில் வருவதில்லை.

உண்மையிலேயே ஏமாந்துவிட்டால் ரசீதையும் விலைப்பட்டியலின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஜப்பான் தேசிய நுகர்வோர் மையம் 2018 முதல் நடத்தும் உதவி எண்ணை அழைக்கலாம்: 03-5449-0906. ஆங்கிலத்தில் பேசுவார்கள், தமிழில் இல்லை.