வவுச்சர் எங்கே தம்பி?

பி.காம். படித்தவன் பத்திரிகையில் எழுதுகிறான் என்றால் தேனிப் பக்கம் லேசில் நம்ப மாட்டார்கள். "கணக்குத்தானப்பா எழுதுவே?" என்பார்கள். எனக்கு இதில் வருத்தமே இல்லை. எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்ததே கணக்குதான் சார்!

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் காமர்ஸ் எடுத்தாலும் தமிழ்ப் பாடம் உண்டு. அதற்குக் காமர்ஸ் பையன்கள் வைத்த பெயர் 'தூங்குற பீரியட்'. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்யுள் என்றால் யாருக்குத்தான் கண் சொக்காது? எங்களுக்கு வாய்த்த தமிழ் ஐயா விவரமானவர். வாரத்தில் ஒரு மணி நேரம் செய்யுளை மூடி வைத்துவிட்டு, "பேனாவை எடுங்கப்பா" என்பார்.

முதல் தலைப்பு, 'எங்கள் ஊர்'. அறுபது நோட்டையும் திருத்திக் கொண்டுவந்து மேஜையில் 'தொப்'பென்று போட்டார்.

"எல்லா நோட்டுலயும் 'இயற்கை எழில் கொஞ்சும் கம்பம் பள்ளத்தாக்கு'! ஏம்ப்பா, செலவு எழுதினா வவுச்சர் வைக்கணும்னு உங்க காமர்ஸ் சார் சொன்னாரா இல்லையா? இந்தக் 'கொஞ்சும்'ங்கிறதுக்கு வவுச்சர் எங்கே தம்பி?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வவுச்சர்கள் வர ஆரம்பித்தன. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்த கதையை ஒருவன் எழுதினான். அந்தத் தண்ணீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று விவசாயி மகன் ஒருவன் கணக்கோடு எழுதினான். வருஷம் பூரா திராட்சை வெட்டுகிற ஊர் எங்களுடையது என்று இன்னொருவன். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவன் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த தலைப்புதான் வில்லங்கம். "உங்க வீட்டுல உழைக்கிறவங்க ஒருத்தர். அவங்களோட ஒரு நாள். 'தியாகம்', 'தெய்வம்' ரெண்டு வார்த்தையும் வரப்படாது."

என் அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். தினமும் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி கேரளா போய், சாயங்காலம் திரும்புகிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தர். நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"இதுல எழுத என்னப்பா இருக்கு? ஜீப்புல போனேன், காய் எடுத்தேன், வந்தேன். முடிஞ்சு போச்சு."

முடியவில்லை. கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. மூன்றரை மணிக்கு உலை. தூக்குவாளியில் சோறு. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய் என்னவோ அடியில், தரையோரச் சரத்தில்தான். ஆகவே நாள் பூரா குனிந்தும் குந்தியும்தான் வேலை. அதிலும் விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மழை பெய்தால் தலைக்குக் கொங்காணி, அட்டைக்கு உப்பு.

"ஜீப்புல எத்தனை பேர்ம்மா?"

"பதினாறு பேரு." சொன்ன கையோடு அம்மா உஷாராகிவிட்டார். "அதை எழுதாதப்பா. போலீஸ்காரங்க பார்த்தா டிரைவர் தம்பி பொழப்பு போயிடும். அவன் வரலேன்னா நாங்க எப்படி வேலைக்குப் போறது? எட்டுன்னு போடு."

கணக்கில் பாதியைக் குறைத்து எழுதச் சொல்கிறார் பெற்ற தாய்! பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிடச் சோதனை உண்டா? மலைப்பாதையில் ஆளை அடைத்துக்கொண்டு போன ஜீப் கவிழ்ந்தது என்று அவ்வப்போது செய்தி படிக்கிற ஊர் எங்களுடையது. பதினாறு என்பது வெறும் எண்ணில்லை. எட்டு என்று எழுதினால், விபத்துக்குக் காரணமான விஷயத்தை நானே மறைத்ததாகிவிடும். பதினாறு என்று எழுதினால் ஒருவர் சோற்றில் கை வைத்ததாகிவிடுமோ?

ஐயாவிடமே கேட்டேன். "எண்ணை மாத்தாதே. ஆளைக் காட்டிக் குடுக்காதே. நடுவுல வழி இருக்கா பாரு" என்றார்.

இருந்தது. பதினாறு பேர் என்றே எழுதினேன். டிரைவர் பெயர், வண்டி நம்பர், கிளம்புகிற தெரு மூன்றையும் விட்டுவிட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு வேலையா செய்றேன்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போடி ஏல மையத்தில் காய் என்ன விலைக்குப் போனது என்று பேப்பரில் வரும். அதை எடுத்த கையின் ஒரு நாள் என்றைக்கு வந்தது?

எழுத்து வகுப்பால் நடை அழகாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்குக் கூடியது பார்வையும் பொறுப்பும். கேள்வி கேட்கப் பழகினேன். யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்து எழுதப் பழகினேன்.

இதற்கு எங்கள் சீமையிலேயே பெரிய உதாரணம் உண்டு. வடுகபட்டி வைரமுத்து பச்சையப்பன் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1972-ல், 'வைகறை மேகங்கள்' கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் 1959-ல் திறந்த வைகை அணைக்காக ஊரை இழந்த ஜனங்களின் கதையை 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுத மேலும் முப்பது வருஷம் போல ஆனது. 2003-ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது அந்த நாவலுக்குத்தான். கல்லூரியில் பேனா பிடிக்க வந்துவிடலாம். சொந்த ஊரை எழுத வயசு கூட வேண்டும்போல!

எல்லாரும் எழுத்தாளர் ஆக வேண்டாம் சார். என்கூடப் படித்தவர்கள் இன்றைக்கு ஆடிட்டர் ஆபீஸ், ஏலக்காய்க் கடை, பேங்க் என்று இருக்கிறார்கள். இருந்தாலும், உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்து, "என்னோட ஒரு நாளை எழுது பார்ப்போம்" என்று சொல்லுங்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பிள்ளை வவுச்சர் கேட்கும். ஆபீஸில் மலையைப் புரட்டுவதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கும் அப்பாக்கள், ரெடியாக இருங்கள்!