பாட்டில் துண்டு விழுவது ஏன்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



இனிமையாய்ப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு ‘டக்’கென்று அறுந்து, மறுகணமே மீண்டும் தொடர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எங்களுக்கும் வந்தது. அந்த எரிச்சலில் ஒரு தோழியின் மனத்தை நோகடித்தோம். பிறகுதான் காரணத்தைத் தேடினோம். கண்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஆண்டு விழாவிற்காக எங்கள் பாடகர் குழுவின் பாடலைப் பள்ளிக் கணினி அறையில் பதிவு செய்ய முனைந்தோம். ஒரு கணினி போதவில்லை. வயலின், புல்லாங்குழல், தபலா என்று எல்லா வாத்தியங்களின் ஒலியையும் நினைவகத்தில் ஏற்றுவதற்குள் அந்தப் பழைய கணினிக்கு மூச்சு வாங்கியது. ஆகவே ஒன்றில் வாத்திய ஒலிகள், மற்றொன்றில் குரல் பதிவு என்று பிரித்து, இரண்டையும் வைஃபை மூலம் இணைத்தோம். பெரிய இசைக்கூடங்களிலும் இவ்வாறு பல கணினிகளுக்கு வேலையைப் பங்கிடுவது உண்டு.

ஒத்திகை தொடங்கியது. கீபோர்டு இசை இடையிடையே அறுந்தது. “நீதான் கட்டையை விட்டு விட்டு அழுத்துகிறாய்” என்று வாசித்த தோழியைக் கடிந்துகொண்டோம். “நான் சரியாகத்தான் வாசித்தேன்” என்றாள் அவள், கண் கலங்க. வேறொருத்தியை வாசிக்கச் சொல்லலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. அப்போது சிஸ்டர், “அவள் கையை எடுத்த பிறகும் அறுகிறதா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மாலையே பார்த்தோம். வாத்தியக் கணினியிலிருந்து ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கச் செய்தோம். தோழி கைகட்டி அமர்ந்திருந்தாள். அப்போதும் ஒலி அறுந்தது! எங்கள் முகங்களைப் பார்க்க வேண்டுமே!

இது எதனால்? கணினி ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் சிறு பொட்டலங்களாக மற்றக் கணினிக்குப் போகின்றன. அங்கே அவை ‘பஃபர்’ என்ற இடத்தில் சற்றுத் தங்கி, பின் ஒலியாகின்றன. நம் ஊர்க் கண்மாயைப் போன்றதுதான் பஃபர். பென்னிகுயிக் கட்டி 1895 இல் முடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருகிறது. வரத்து ஒரு நாள் குறைந்தாலும் கண்மாயில் நீர் இருந்தால் வயல் வாடாது. கண்மாய் வறண்டால் மடையில் நீர் நிற்கும். பஃபர் வறண்டால் பாட்டு நிற்கும். அதுவே நாம் கேட்கும் துண்டிப்பு.

காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது அல்லவா?

முதலில் வைஃபையை நீக்கிக் கேபிளால் இணைத்தோம். ஒரு குரலுக்கு வினாடிக்குச் சுமார் 12 லட்சம் பிட்டுகளே போதும். வைஃபைக்கு அது பெரிய சுமையன்று. ஆனால் அறையிலுள்ள மற்றக் கருவிகளோடு அலைவரிசையைப் பங்கிட வேண்டியிருப்பதால் பொட்டலங்கள் தாமதமாக வரும். இசையில் தாமதமாக வருவதும் வராததும் ஒன்றுதான். கேபிள் மாட்டியதும் பாதித் துண்டிப்புகள் மறைந்தன.

அடுத்து, பஃபரை 64 எண்களிலிருந்து 256 ஆக உயர்த்தினோம். 64 என்பது வெறும் 1.3 மில்லி வினாடி. 256 என்பது 5.3 மில்லி வினாடி. பின்னணியில் ஓடிய பிற நிரல்களையும் மின்சேமிப்பு அமைப்பையும் அதன்பின் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். ஒழுங்கற்ற துண்டிப்புகள் அனைத்தும் ஓய்ந்தன.

ஆயினும் ஒன்று மட்டும் போகவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தோம். ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடத்திற்கு ஒரு முறை, தவறாமல் ‘டிக்’ என்றது. அந்த ஒழுங்கே குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. அது கணினிகளின் கடிகாரம்!

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் உண்டு. இரண்டும் 48,000 என்றே சொல்லும். ஆனால் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகா. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலும் வினாடிக்கு 2.4 எண்கள் துண்டு விழும். 256 எண்கள் கொண்ட கண்மாய் 107 வினாடிகளில் வறண்டுவிடும். பஃபரை 2048 ஆக்கினால் துண்டிப்பு பதினான்கு நிமிடத்திற்கு ஒரு முறை என்று தள்ளிப்போகுமே தவிர, தீராது. மேலும் 43 மில்லி வினாடி தாமதம் சேரும். பாடுகிறவளுக்குப் பக்கவாத்தியம் சுமார் 15 மீட்டர் தள்ளி ஒலிப்பது போலிருக்கும்; தாளம் தடுமாறும்.

அப்படியானால் வழி? நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இசைஞானி இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. அத்தனை கலைஞர்களும் தத்தம் விருப்பப்படியா தாளம் போட்டார்கள்? நடத்துநர் ஒருவரின் கையசைவையே பின்பற்றினார்கள். கணினிகளுக்கும் அதே விதிதான். ஒன்றின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து, மற்றது அதைப் பின்பற்றும்படி அமைத்தோம். அரை மணி நேரம் மூச்சடக்கிக் கேட்டோம். ஒரு ‘டிக்’ கூட இல்லை!

ஆகவே தோழியரே, இதை நினைவில் வையுங்கள். துண்டிப்பு ஒழுங்கற்று வந்தால் இணைப்பையும் பஃபரையும் பிற நிரல்களையும் பாருங்கள். கணக்காக வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன் இவை அனைத்தையும் பாருங்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோகலாமா? நாங்கள் நொந்தோம். மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “சரி, பாட்டை முதலிலிருந்து எடுப்போமா?” என்றாள். ஆண்டு விழாவில் நீங்கள் கேட்ட பாடலில் கீபோர்டு வாசித்தவள் அவளேதான்.