இரண்டு நாளில் ஒரு மாத மழை: எங்கிருந்து வந்தது?

2025 ஜனவரி 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மாலையில் நான் வீடு திரும்பியபோது பெய்துகொண்டிருந்த மழை, மறுநாள் கண் விழித்தபோதும் பெய்துகொண்டிருந்தது. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கிற்கு எதிரே இருக்கும் குன்று கண்ணுக்கே தெரியவில்லை. மூங்கில் கழிகளில் காயவேண்டிய துணிகளை அம்மா வரவேற்பறையில் பரப்பி மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார்.

எங்கள் வட்டாரத்தின் பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. மலாய் மொழியில் ‘பாத்தோக்’ என்றால் இருமல். குன்றின் குளிர்காற்று இருமலை வரவழைத்ததால் அந்தப் பெயர் வந்ததாம். கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைத்த சத்தமே அந்த இருமல் என்பாரும் உண்டு. அந்த வார இறுதியில் எனக்கு முதல் விளக்கமே சரியாகப் பட்டது.

ஜனவரி 10, 11 இரு நாள்களில் மட்டும் சாங்கி வானிலை நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான்.

திங்கட்கிழமை புவியியல் வகுப்பில் ஆசிரியர் காரணம் கேட்டார். “லா நினா, சார்” என்றேன், முந்திக்கொண்டு. அவர் சிரித்தார். “அப்படியென்றால் 2006 டிசம்பருக்கு என்ன சொல்வாய்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன். இயற்கையில் ஒன்றல்ல, மூன்று கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் புரிந்தது.

சில நாள் கடிகாரம்

முதல் கடிகாரம் சைபீரியாவில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் அங்கே நிலம் உறைந்து, அதன் மேலுள்ள காற்று கனமாகி, உயர் அழுத்தப் பகுதி உருவாகிறது. அது வலுக்கும்போது குளிர்காற்று தெற்கு நோக்கி வழிந்து தென்சீனக் கடலின் மீது விரைகிறது. வெதுவெதுப்பான கடலைக் கடக்கும் வழியில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. நம் பகுதியை அடையும்போது காற்று குவிந்து மேலெழ, மழை கொட்டுகிறது.

வடகிழக்குப் பருவக்காற்று திடீரென வேகமெடுக்கும் இந்த எழுச்சி, டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையிலான பருவத்தில் சராசரியாக இரண்டு முதல் நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஐந்து நாள் நீடிக்கும். 2025 ஜனவரி மழைக்கு நேரடிக் காரணம் இதுதான்.

இந்தக் காற்று எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2001 டிசம்பர் 27 சாட்சி. போர்னியோவை ஒட்டிச் சுழன்றுகொண்டிருந்த காற்றும் பருவக்காற்று எழுச்சியும் சேர்ந்து, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கில் ‘வாமெய்’ என்ற சூறாவளி உருவானது. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. அதனால் அங்கே சூறாவளி உருவாகாது என்பதே அதுவரை பாடநூல் சொன்னது. வாமெய் சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜோகூரில் கரையேறியது. இப்படி ஒன்று 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒரு முறையே நேரலாம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

சில வாரக் கடிகாரம்

1971ல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பசிபிக் பெருங்கடலில் உள்ள கேன்டன் தீவின் காற்றுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அதில் 40 முதல் 50 நாள்களுக்கு ஒரு முறை திரும்பும் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். மேகங்களும் மழையும் நிறைந்த ஒரு பெரும்பகுதி, இந்தியப் பெருங்கடலில் கிளம்பி மெல்லக் கிழக்கே நகர்ந்து நம்மைக் கடந்து பசிபிக்கை நோக்கிச் செல்கிறது. அதற்கு ‘மேடன்-ஜூலியன் அலைவு’ என்று பெயர். அதன் மழைப்பகுதி நம் தலைக்கு மேல் இருக்கும் வாரத்தில் பருவக்காற்று எழுச்சியும் வந்துசேர்ந்தால், மழை வலுக்கும் வாய்ப்பு கூடும். வறண்ட பகுதி வந்தால் அதே பருவத்திலும் வானம் வெளுத்துக் கிடக்கலாம்.

சில ஆண்டுக் கடிகாரம்

மூன்றாவதை நான் அறியாமலேயே எட்டு வயதில் சந்தித்திருக்கிறேன்.

2015 செப்டம்பர் 25ஆம் தேதி புகைமூட்டத்தால் சிங்கப்பூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. எனக்கு அது விடுமுறை. சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் விளையாடினேன். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் முதல் நாளில், சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதன் அருகே முடிச்சூரில் இருந்த அத்தையின் தொலைபேசி மூன்று நாள் அடிக்கவே இல்லை. அப்பா இரவெல்லாம் மாறி மாறி எண்களை அழுத்திக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அத்தை குடும்பம் மொட்டை மாடியில் ஏறித் தப்பித்திருந்தது.

அந்தப் புகைக்கும் அந்த வெள்ளத்துக்கும் பின்னால் ஒரே எல் நினோ இருந்தது என்பதைப் பத்து ஆண்டு கழித்துத்தான் படித்தேன்.

வழக்கமாக வணிகக் காற்று பசிபிக்கின் வெப்பநீரை மேற்கே, இந்தோனீசியப் பக்கம் தள்ளிவைக்கும். அங்கே காற்று மேலெழுந்து மழை தரும். எல் நினோ ஆண்டில் வணிகக் காற்று தளர்ந்து, வெப்பநீர் கிழக்கே நகர்கிறது. இந்தோனீசியா வறள்கிறது, மனிதர் மூட்டும் தீ அங்கே அடங்காமல் பரவுகிறது. அதே ஆண்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கீழைக்காற்று தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கூடுதல் ஈரத்தைக் கொண்டுபோகும் வாய்ப்பு அதிகம். 2023ம் எல் நினோ ஆண்டுதான். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது.

லா நினா இதற்கு நேர்மாறு. நம் பக்கம் வெப்பநீரும் மேகமும் கூடும். 2025 தொடக்கத்தில் பலவீனமான லா நினா இருந்தது. ஆகவே என் பதில் முழுக்கத் தவறில்லை. ஆனால் போதவில்லை.

ஆசிரியரின் கேள்வி

2006 டிசம்பர் 19ஆம் தேதி சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜோகூர் வெள்ளத்தில் 100,000க்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினர். ஆனால் அது எல் நினோ ஆண்டு! என் விதிப்படி வறண்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் மழையை எல் நினோவும் லா நினாவும் அதிகம் மாற்றுவது ஆண்டின் நடுப்பகுதியில்தான். டிசம்பர், ஜனவரியில் அவற்றின் பிடி தளர்கிறது. அப்போது ஆட்டத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் சைபீரியாவிலிருந்து வரும் காற்று. மெதுவான கடிகாரம் தாயக்கட்டையின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கனமாக்கும், அவ்வளவுதான். எந்த எண் விழும் என்று அது சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடிகாரங்கள் இயற்கையானவை; ஆனால் அவை ஓடும் உலகம் சூடேறிவருகிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். அதே எழுச்சி நாளை வந்தால் கூடுதல் நீரைக் கொட்டக்கூடும். “எல்லாம் இயற்கை” என்று கைகழுவுவதும், “எல்லாம் பருவநிலை மாற்றம்” என்று ஒரே வரியில் முடிப்பதும் பாதிக் கதைதான்.

இதனால் நமக்கு என்ன பயன்? எதை எப்போது நம்பலாம் என்று தெரிகிறது. எல் நினோ, லா நினா செய்தியைச் சில மாதங்களுக்கு முன்பே அறியலாம். மேடன்-ஜூலியன் அலைவின் போக்கை இரண்டு, மூன்று வாரத்துக்கு முன் ஊகிக்கலாம். பருவக்காற்று எழுச்சியோ சில நாள்களுக்கு முன்புதான் தெளிவாகும். எனவே பள்ளி முகாமோ காற்பந்துப் போட்டியோ ஏற்பாடு செய்பவர்கள், “இது எல் நினோ ஆண்டு, மழை வராது” என்று நவம்பரில் முடிவு கட்டக்கூடாது. அந்த வாரத்து வானிலை அறிவிப்பைத்தான் பார்க்கவேண்டும்.

அக்டோபர் பிறந்தால் அத்தை அழைப்பார். “நீ படிச்ச புள்ள, இந்த வருஷம் மழை எப்படிடா?” முன்பென்றால் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது வாய்ப்பு கூடுதலா குறைவா என்பதை மட்டும் சொல்கிறேன். பிறகு, “எதற்கும் வீட்டுப் பத்திரங்களை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் அத்தை” என்கிறேன்.